சலீம் நானா போட்டு வைத்த நட்

பள்ளி வேன் ஓட்டும் மல்லிகாவின் வண்டிக்கு அடியில் வயர் ஒன்றைப் பார்க்கக் குனிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. சலீம் நானாவின் மகன். "மாமா, வாப்பா மவுத்தாகிட்டாங்க" என்றான். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள்.

பேராதனை ரோட்டில் எங்கள் கராஜில் வண்டி விட்டவர்களுக்கு அவரைத் தெரியும். நான் வயரிங், அவர் பிரேக். இருபத்திரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டபடியே வேலை செய்தோம். அவர் கையிலிருந்த பிளேரிங் டூலை நான் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. பிரேக் பைப்பின் நுனியைப் புனல் வாய்போல விரித்து, அதையே உள்ளே மடிக்கும் கருவி அது. அந்த மடிப்பில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் எண்ணெய் கசியும், பிரேக் போகும்.

ஒருமுறை நான் டவுனிலிருந்து பளபளப்பான பெட்டியில் ஒன்று வாங்கி வந்தேன். முதல் இறுக்கிலேயே பைப் வழுக்கிப் பின்னால் போய், வாய் கோணலாக வந்தது. "பைப்பப் புடிக்காத டூல் என்னத்துக்கு செல்வம்? பொட்டி வடிவா இரிக்கி, ஊசி நூல் போட்டு வைங்க" என்றார். பிறகு அவரே பைப் துண்டொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினார். அந்தத் துண்டில் வாய் அடித்துப் பார்க்க விடாத கடையில் அவர் டூல் வாங்கமாட்டார். கடைசியில் வாங்கியது பெஞ்ச் வைஸில் பூட்டும் கனத்த ஒன்று.

எனக்கு ஒரு வியாதி உண்டு. வாயை விரிப்பதற்கு முன் பைப்பில் நட்டைக் கோர்க்க மறந்துவிடுவேன். விரித்த பின் நட் நுழையாது. நுனியை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேசையில் கிடக்கும் நட்டை எடுத்துக் காட்டி, "இவர யாரு கூட்டிப் போறது?" என்பார். கராஜே சிரிக்கும்.

பிரேக் வேலை முடிந்தால் வண்டியைக் கடுகண்ணாவை மலை இறக்கத்தில் அவரே ஓட்டிப் பார்ப்பார். "மொதல்ல நான் எறங்குறன், அதுக்குப் பொறகு சாவி." எத்தனை அவசரக்காரர்கள் அவரைத் திட்டியிருக்கிறார்கள்! நானும் திட்டியிருக்கிறேன்.

நெஞ்சுவலி வந்த அன்று அவர் கையில் இருந்தது மல்லிகாவின் வேன். கலஹா தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றும் வண்டி. பைப்பின் ஒரு முனையைத்தான் முடித்திருந்தார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் நான் கதிரையில் உட்காரும் முன்பே, "வேன் என்னாச்சு?" என்று கேட்டார்.

நிம்மதியாகப் படுக்கட்டும் என்று, "முடிச்சிட்டேன் நானா" என்றேன்.

"மத்தப் பக்கத்து நட்ட மறக்கல்லயே?"

"இந்தத் தடவ ஞாபகமா நானே கோர்த்தேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எறக்கத்துல பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"புள்ளைகள் போற வண்டி" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் அவரிடம் நான் கேட்ட கடைசிப் பேச்சு.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தப் பைப்பைக் கையில் எடுத்தேன். இரண்டாவது நட் ஏற்கெனவே பைப்பில் கோர்த்திருந்தது. கழன்று விழாமலிருக்கச் சிவப்பு டேப்பைச் சுற்றி வைத்திருந்தார். என் மறதியை நினைத்துச் செய்த வேலை. அப்படியானால் அன்று 'நானே கோர்த்தேன்' என்று நான் சொன்னதுமே, கட்டிலில் கிடந்தபடியே, நான் பைப்பைத் தொடக்கூட இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பொய்யை மன்னித்தாரா, பிரேக் இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றிவிட்டேன் என்று பயந்துகொண்டே போனாரா? யாரிடம் போய்க் கேட்பது?

மூன்று தடவை வாய் அடித்தேன். மூன்றும் வெடித்தன. வெட்ட வெட்ட பைப் குட்டையாகி எதற்கும் உதவாமல் போனது. அதை வைத்துக்கொண்டு அழுதேன். கம்பளையிலிருந்து பிரேக் வேலை தெரிந்த ஒருவர் வந்து வேறு பைப் போட்டுக் கொடுத்தார்.

மல்லிகா சாவிக்குக் கை நீட்டினார். "கொஞ்சம் பொறுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வேனைக் கடுகண்ணாவைக்குக் கொண்டுபோய் இறக்கத்தில் விட்டேன். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்தது. கீழே ஓரமாக நிறுத்தி, "பார்த்துட்டேன் நானா" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

டூலை அவர் மகன் என்னிடமே தந்துவிட்டான். அந்தச் சிவப்பு டேப்பை அதன் கைப்பிடியில் சுற்றி வைத்திருக்கிறேன். இனி இறக்கத்துக்கு முதலில் போவது நான்தான்.