ஆயுத பூஜைப் பை

பிள்ளைப்பாக்கத்து சசிரேகா அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. நான் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். ஒரகடம் சுற்றிலும் உள்ள கம்பெனிகளுக்கு லோடு அடிக்கிறேன். எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தாயிற்று. "டில்லி, மெதுவா போ, பள்ளத்துல எறக்கிடாத" என்று தெருமுனை வரை கத்திக்கொண்டே வருகிற முதலாளி அவள் ஒருத்திதான்.

முதலாளி என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பிளாஸ்டிக் கவர் பட்டறையில் கவர் ஒட்டுகிற சீலிங் மெஷின் முன்னால் நின்று நின்று கால் வீங்கியவள் அவள். பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததும் பட்டறையை மூடிவிட்டார்கள். பழைய மெஷின் ஒன்றை வாங்கி, தகரக் கொட்டகை போட்டு, சோள மாவில் செய்த ரோலை வரவழைத்து, மக்கும் பை ஒட்ட ஆரம்பித்தாள். எல்லாம் அவள் மகள் நிலாவுக்காக. வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில்தான் ஊர்க் குப்பையைக் கொட்டி எரிப்பார்கள். கவர் எரிகிற நாற்றம் வந்தாலே அந்தப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். சொல்லாத இடமில்லை, வாய் வலித்ததுதான் மிச்சம்.

"எரிக்கறவன நிறுத்த முடியல டில்லி. எரியற சாமானயாவது மாத்திப் பாக்கறேன்" என்றாள்.

"ஊரே கவர்ல மெதக்குது. நீ ஒருத்தி இன்னாக்கா பண்ணுவ?" என்று கிண்டலடித்தேன். முறைத்தாள். அப்புறம் நானே அவளுக்காகக் கடை கடையாகக் கேட்டுத் திரிந்தேன், அது வேறு கதை.

ஒரு கடைக்காரனும் மசியவில்லை. கொட்டகையை மூடிவிட வேண்டியதுதான் என்று இருந்தபோது, பங்குனி வாக்கில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி கூப்பிட்டது. ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஷிப்ட் முடிந்து போகிற ஒவ்வொருவர் கையிலும் பொரி, கடலை, பழம், ஸ்வீட் பாக்ஸ் போட்ட பை ஒன்றைக் கொடுப்பார்கள். "இந்தத் தடவை பிளாஸ்டிக்கே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம் மேடம். நல்லா போச்சுன்னா கேன்டீனுக்கும் வருஷம் பூரா உங்க பைதான்" என்றார் மேனேஜர் ஹேமந்த். அக்கா அன்றைக்கு எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள்.

பூஜை நேரத்தில் ஆள் கிடைக்காது. அதனால் கவர் பட்டறைக்காரர்கள் கோடையிலேயே ஒட்டி அடுக்கிவிடுவார்கள். கவர் எத்தனை வருஷம் கிடந்தாலும் கெடாது. அக்காவுக்குக் கை பழகிய வேலை அதுதான். சித்திரையிலிருந்து ஒட்டி ஒட்டிக் கூரை உயரத்துக்கு அடுக்கினாள். மேலே தகரம் கொதித்தது, ஆவணியில் மழை ஈரம் சேர்ந்தது. லோடு ஏற்றும் முன் மேல்கட்டுப் பையை இழுத்துப் பார்த்தாள், கல் மாதிரி இருந்தது. கடைசியாக ஒட்டிய கட்டு அது. அடியில் இருந்ததை யார் பார்த்தது?

பூஜையன்று கம்பெனி கேட்டில் அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். முதல் ஆள் பையைத் தூக்கினான், கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அடுத்தவனுக்கு அடி பிளந்தது. ஐயோ, ரோடெல்லாம் பொரி! வாழைப்பழம் பஸ் சக்கரத்தில் நசுங்கியது.

"கைக்கு வர்றதுக்கு முன்னாடியே மக்கிடுச்சுடா!" என்று ஒருவன் கத்த, வரிசையே சிரித்தது. அவன் வாயில் ஒன்று போடலாமா என்று எனக்கு ஆத்திரம்.

"சாமிக்குப் படைச்ச பொரி, மிதிக்காதீங்கப்பா" என்று அக்கா குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள். ஹேமந்த் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் வந்து, "வண்டிய எடுங்க. எங்கயாவது பிளாஸ்டிக் கவர் கெடைக்குதா பாருங்க" என்றார்.

எங்கேயாவதா? தடை செய்த சாமான் முதல் கடையிலேயே கிடைத்தது. அவள் பையை இறக்கிய அதே வண்டியில் கவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். அக்கா பார்த்தாள்.

அந்தக் கவரெல்லாம் எங்கே போகும்? ஷிப்ட் ஆட்களில் பாதிப் பேர் பிள்ளைப்பாக்கத்து வாடகை ரூம்களில்தான் இருக்கிறார்கள். வாரம் முடிவதற்குள், பொரித்தூள் ஒட்டியபடியே அவை காலி மனைக்கு வந்து சேர்ந்தன. எரித்தார்கள். நிலாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இப்போது கொட்டகை இல்லை. மெஷின் பழைய இரும்புக்குப் போனது. அக்கா ஒரு கம்பெனியில் பார்ட்ஸுக்குப் பிளாஸ்டிக் உறை போடும் லைனில் நிற்கிறாள். திரும்பி வந்த பைகளை வீட்டு முருங்கை மரத்தடியில் புதைத்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அந்த இடத்தைக் கிளறிக் காட்டினாள். வெறும் மண்தான் இருந்தது.

"பாத்தியா டில்லி, நான் சொன்ன மாதிரியே மக்கிடுச்சு" என்றாள்.

பின்னால் மனையில் யாரோ தீ வைத்திருந்தார்கள். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அவள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள். நிலா இருமிக்கொண்டிருந்தாள்.