என் விலாசத்துக்கு வந்த கடிதம்

என் தங்கைக்கு முப்பத்தாறு வயது. ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். நாள் முழுவதும் அடுத்தவர் வாய்க்குள் கை விட்டுப் பல்லுச் சுரண்டுவதுதான் தொழில். அப்படிப்பட்டவள் தாய்க்குப் பயந்து ஒரு மோட்டார் சைக்கிளை அண்ணன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தாள் என்றால், எங்களைத் தெரியாதவர்கள் சிரிப்பார்கள்.

அவளும் அம்மாவும் எங்கள் நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார்கள். முதல்முறை அவள் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வாங்கியபோது அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவள் அதை விற்றாள். அன்றைக்கு அம்மா புட்டுக்கு இரண்டாம் தரமும் கறி விட்டுச் சாப்பிட்டார்.

ஆகவே போன வருடம் இருநூறு குதிரை வலு என்று சொல்லி விற்கிற புத்தம் புது வண்டி ஒன்றை வாங்கியபோது, பதிவில் தன் பெயரையும் என் விலாசத்தையும் கொடுத்தாள். நகரத்தின் ஓரத்தில், ரூஜில், எனக்கு வீடும் கராஜும் இருக்கின்றன. வண்டியை அங்கே விடலாம் என்பது ஒரு வசதிதான், ஆனால் விலாசம் கேட்டதற்கு முக்கிய காரணம் அம்மாவின் கை. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. இருந்தும் வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் உடைக்காமல் விடமாட்டார். சிவப்பு எழுத்து ஏதும் கண்ணில் பட்டால் போச்சு. அதைத் தூக்கிக்கொண்டு லிஃப்டடியில் நின்று, வருகிற போகிறவர்களிடமெல்லாம், "உதில என்ன எழுதிக் கிடக்கு, ஒருக்கா வாசியுங்கோ" என்று கேட்பார். அகதிக் கோரிக்கை நடந்த காலத்தில் பிடித்த பழக்கம். ஒரு கடிதத்தைக் கவனிக்காமல் விட்டால் ஆளையே ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவார்கள் என்று அப்போது யாரோ சொன்னது அவர் மனதிலிருந்து இன்னும் போகவில்லை.

"காயிதம் வந்தா எடுத்து வையுங்கோ அண்ணை, வேற ஒண்டும் வேண்டாம்" என்றாள் தங்கை.

"ஓம் ஓம், உது பெரிய வேலையே" என்றேன்.

உள்ளதைச் சொன்னால் அந்த வண்டியைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவளுக்கிருந்த துணிவு எனக்கில்லை என்பதுதான் எரிச்சலின் வேர். அதனால் அது மக்கர் பண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். முதல் மாதம் வேகம் காட்டும் திரை இருண்டு போனது. அடுத்த மாதம் சிக்னல் லைட்டில் நின்றபடியே எஞ்சின் செத்தது. திருத்தக் கொடுத்த இடத்தில் ஒரு தரம் மூன்று கிழமை கிடந்தது. "ஓடினதைவிட கடையில நிண்டதுதான் கூட" என்று நான் அவளைச் சீண்டுவேன். "புதுசு அண்ணை, கொஞ்சம் பழகவேணும்" என்று அவள் அதற்காகப் பரிந்து பேசுவாள், புது மருமகனுக்குப் பேசுவதுபோல.

நவம்பரில் அந்தக் கடிதம் வந்தது. உறையில் சிவப்பு எழுத்து. பனிக்காலத்துக்கு வண்டியைப் போர்த்து, பற்றரியைச் சார்ஜரில் போட்டு ஏற்கெனவே கராஜில் விட்டிருந்தோம். உறையை உடைத்து வாசித்தேன். அது ரீகால் கடிதம், பழுதுள்ள வண்டிகளைத் திருத்தித் தரச் செய்தவர்களே திருப்பி அழைப்பது. முன் பிரேக்குக்கு எண்ணெய் தள்ளுகிற சின்னப் பிஸ்டன் ஒன்றில் வெடிப்பு ஏற்படக்கூடும், ஏற்பட்டால் பிரேக் பிடிக்காமல் போகக்கூடும், அதை இலவசமாக மாற்றும்வரை வண்டியை ஓட்டவேண்டாம் என்று எழுதியிருந்தது.

நான் மார்க்கம் நகரில் கார்களுக்குக் கதவுப் பூட்டுச் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். ரீகால் எனக்குப் புதிதல்ல. "கூடும்" என்ற சொல்லை வழக்கறிஞர்கள் உப்புப் போலத் தூவுவார்கள் என்பது எங்கள் பகுதியின் பழைய பகிடி. அந்தச் சொல் ஏன் எழுதப்படுகிறது என்றும் எனக்குத் தெரியும். எங்கேயோ ஒருவருக்கு அது நடந்த பிறகுதான் எழுதுவார்கள்.

கடிதத்தை வாசித்ததும் எனக்கு வந்தது பயம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வந்தது சந்தோஷம். அப்போதே சொன்னேனே என்று சொல்ல ஒரு கடிதமே வந்துவிட்டது. இளவேனிலில் வண்டி எடுக்க வருவாள், அப்போது கையில் கொடுத்து ஆசை தீரச் சிரிப்போம் என்று நினைத்தேன். பனிக்குள் ஓடாத வண்டிக்குப் பிரேக் எதற்கு? குசினி லாச்சியை இழுத்து அதற்குள், பழைய பற்றரிகளோடும் சாப்பாட்டுக் கடைப் பட்டியல்களோடும் அதைப் போட்டு வைத்தேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை திடீரென்று நல்ல வெயில். முதல்நாளே அம்மா எங்கள் வீட்டில் வந்து நின்றார். காலையில் தங்கை தெரு முனையிலிருந்து போன் பண்ணினாள்.

"அம்மா எங்க?"

"குசினிக்க. தோசை சுடுறா."

"அப்ப சத்தம் போடாமல் கராஜைத் திறவுங்கோ. நான் வாறன்."

ஹெல்மெற்றை ஒரு துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். எஞ்சினைப் போடாமல் இரண்டு பேருமாக வண்டியைத் தெருவுக்குத் தள்ளினோம். இரண்டு வீடு தாண்டும்வரை களவெடுத்தவர்கள்போல மூச்சுக் காட்டவில்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளினாள்.

அப்போது எனக்குக் கடிதம் ஞாபகம் வந்தது. தெளிவாகவே வந்தது. லாச்சி குசினியில், அம்மா அதற்கு முன்னால் நிற்கிறார். எடுக்கப் போனால் என்ன தேடுகிறாய் என்று கேட்பார். கடிதம் இல்லாமலே சொல்லியிருக்கலாம், ஒரு வசனம் போதும். ஆனால் சொன்னால் அவள் நின்று கேட்பாள், நவம்பரில் வந்ததை ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று சண்டை பிடிப்பாள், அதற்குள் அம்மா வெளியே வந்துவிடுவார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஆரோட கதைக்கிறாய்?"

"பக்கத்து வீட்டு ஆள் அம்மா!" என்று கத்தினேன். தங்கையிடம், "கெதியாப் போ" என்றேன்.

பின்னேரம் போன் பண்ணிச் சொல்லுவோம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். மூன்று தோசை சாப்பிட்டேன்.

மதியத்துக்கு முன்பே அவள் போன் பண்ணினாள். "விழுந்திட்டன் அண்ணை. பயப்பிடாதேங்கோ, உயிரோடதான் இருக்கிறன்."

ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். முன்னால் கார்கள் சிவப்பு விளக்குக்கு நின்றிருக்கின்றன. பிரேக் லீவர் எந்தப் பிடியும் இல்லாமல் கைப்பிடிவரை வந்து ஒட்டியிருக்கிறது. கார்களில் மோதாமல் ஓரப் புல்லுக்குத் திருப்பி விழுந்திருக்கிறாள். வலது கை அவளுடைய தொழில் செய்கிற கை. பிடி பழையபடி வருமா என்று சில மாதம் போனால்தான் சொல்லலாம் என்றார் வைத்தியர்.

"நான் பிடிச்சனான் அண்ணை" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "இல்லாட்டி நான்தான் பிழையாப் பிடிச்சனோ தெரியேல்லை."

நான் அவளுக்குத் தண்ணீர் பருக்கினேன். அம்மாவிடம், கடைப் படியில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த கிழமை வண்டி விற்ற கடைக்காரர்கள் போனில், அது ரீகால் ஆன வண்டி, கடிதம் முன்பே அனுப்பியாயிற்று என்றார்கள். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஏதும் காயிதம் வந்ததோ அண்ணை?"

"இல்லையே" என்றேன்.

அவள் உடனே போனில் ஆங்கிலத்தில் சண்டை தொடங்கினாள். என் அண்ணன் எந்தக் கடிதத்தையும் தவறவிடுகிற ஆளில்லை, பொய் சொல்லாதீர்கள் என்றாள். நான் ஜன்னலடியில் போய் நின்றேன். என்னைப்போல ஈனப்பிறவி இருக்கமுடியாது என்று அந்த நிமிடம் நினைத்தேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

பதினொரு நாள் கழித்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நித்திரையும் இல்லை, சோறும் இறங்கவில்லை. அவள் இடது கையால் உறையைப் பிரித்து வாசித்தாள்.

"எப்ப வந்தது?"

"நவம்பர்."

"அண்டைக்கு, வண்டி தள்ளேக்க, உங்களுக்கு ஞாபகம் இருந்ததோ?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவளே ஒரு வழி திறந்து தருகிறாள் என்று விளங்கியது. "இருந்தது" என்றேன்.

அவள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, இடது கைப் பெருவிரலால் போனில் மெல்ல மெல்ல எதையோ தட்டினாள்.

"என்ன செய்யிறாய்?"

"அட்ரஸ் மாத்திறன். இனி எல்லாம் இஞ்ச வரட்டும்."

"அம்மா உடைப்பா" என்றேன்.

"உடைப்பா. லிஃப்டடியில எல்லாருக்கும் காட்டுவா. குழறுவா. ஆனா அண்டைக்கே கொண்டந்து தருவா அண்ணை."

குசினியிலிருந்து அம்மா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். மேசையில் கிடந்த உறையின் சிவப்பு எழுத்தைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டுக் கடிதத்தை எடுத்து என் கையில் தந்தார்.

"உதில என்ன எழுதிக் கிடக்கு, ஒருக்கா வாசி தம்பி."

தங்கை போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நான் தேதியிலிருந்து தொடங்கி, ஒரு வரி விடாமல், தமிழில் வாசித்துக் காட்டினேன்.