தூங்கவிடாத சார்ஜண்ட்

அமீரகத்தின் புஜைராவில் வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டுக் காத்திருந்தபோது சலீம் கூப்பிட்டான். நல்ல விஷயமென்றால் மெசேஜ்தான் போடுவான். அவன் பெயரைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டேன். "அங்கிள், பாபா போய்விட்டார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வர முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு டாக்ஸி பிடித்தேன். மலைப்பாதை முழுக்க, தாமதமாகிவிடும் என்றே மனம் அடித்துக்கொண்டது. தாமதமாகத்தான் போனேன். மண்ணைத் தள்ளி முடித்து எல்லோரும் கையில் ஒட்டியதைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரை எல்லோரும் அபு சலீம், அதாவது சலீமின் அப்பா, என்றுதான் அழைப்போம். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அவரைக் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்திருக்கும். கடற்கரையோரம் உள்ள ஒரு காவல் நிலையத்தில் லாக்கப் பொறுப்பு சார்ஜண்டாக நெடுங்காலம் இருந்தவர். நிலையத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று சலீம் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நான் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளன். தமிழ் ஆள் யாராவது பிடிபட்டால் எனக்கு போன் வரும். அவர் பலுசிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய பலூச்சிக் குடும்பத்துக்காரர்; என்னிடம் உருதுவில் பேசுவார், சகோதரன் என்ற பொருளில் 'பாய்' என்று கூப்பிடுவார்.

அவர் நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ரொட்டியைப் பிய்த்து வாயில் வைப்பார், எழுந்துபோய் ஒவ்வொரு அறைக் கதவிலும் உள்ள சிறு திறப்பு வழியாகப் பார்ப்பார், திரும்பி வருவார். இரண்டாவது வாய்க்குள் மறுபடி எழுந்துவிடுவார். ஒருமுறை உள்ளே இருந்த ஒருவன், தன்னை வேவு பார்ப்பதாக நினைத்துக் கெட்ட வார்த்தையில் கத்தினான். நான் சங்கடப்பட்டேன். அவரோ நிம்மதியாக வந்து உட்கார்ந்தார். "திட்டட்டும் பாய். திட்டுகிறவன் மூச்சு விடுகிறான் இல்லையா?" என்றார்.

முருகேசனை அழைத்து வந்த நாளை நான் மறக்க மாட்டேன். அரியலூர்ப் பக்கத்து ஆள், சாரம் கட்டும் வேலை. அன்று முற்பகல் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் தட்டுகளைச் சரித்துவிட்டு, பிடிக்க வந்த சூப்பர்வைசரைத் தள்ளிவிட்டாராம். குடித்துவிட்டு அடித்தார் என்று புகார். நான் போனபோது லாக்கப்புக்கு முன்னால் பெஞ்சில் சாய்ந்திருந்தார். நாக்கு குழறியது.

"அண்ணே, கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்னு சொல்லுங்கண்ணே. தலை கழண்டுடும்போல இருக்கு" என்றார்.

பணியில் இருந்த இளம் அதிகாரியும் அதைத்தான் சொன்னார். "போதை தெளியட்டும். தூங்கவிடு, பிறகு விசாரிக்கலாம்."

அபு சலீம் குனிந்து முருகேசனின் வாயை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. "வாசனை இல்லை பாய். இவனைத் தூங்கவிடக் கூடாது. ஏதாவது கேளு."

"என்ன கேட்க?"

"எதை வேண்டுமானாலும். மகள் இருக்கிறாளா? பெயர் என்ன? கேளு."

கேட்டேன். "தமிழரசி" என்றார். கொஞ்சம் விட்டு மறுபடி கேட்கச் சொன்னார் அபு சலீம். இந்த முறை "செல்வி" என்றார் முருகேசன். செல்வி யார் என்று கேட்டேன். "எம் பொண்டாட்டிண்ணே. எதுக்கு அவளக் கேக்குறீங்க?" என்று எரிச்சல்பட்டார். நான் சொன்னதைக் கேட்டதும் அபு சலீம் விறுவிறுவென்று அதிகாரியிடம் போனார்.

"ஆம்புலன்ஸ் வேண்டும், சார்."

"நடிக்கிறான் என்று கேம்ப்காரர் சொல்கிறார். டாக்டரும் ஒன்றுமில்லை என்றால்?"

"என்ன வியாதி என்று எனக்குத் தெரியாது, சார். பயமாக இருக்கிறது. ஒன்றுமில்லை என்றால் பழி என்மேல் இருக்கட்டும்."

அதிகாரி சற்று யோசித்துவிட்டு போனை எடுத்தார். அவர் நல்லவர்தான்; அவ்வளவு பயம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தோம். அபு சலீம் தரையில் உட்கார்ந்து முருகேசனின் முதுகைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார். "பேசு பாய், நிறுத்தாதே" என்றார். உங்க ஊருக்கு எந்த பஸ்ஸில் போகணும், எங்கே இறங்கணும் என்று கேட்டேன். "அரியலூர்ல எறங்கி..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண் செருகியது. அபு சலீம் அவர் கன்னத்தில் தட்டி, என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே தமிழ்ச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "தூங்காதே, தூங்காதே." அவர் உச்சரிப்பில் அது தமிழ் மாதிரியே இல்லை. வாசலில் சைரன் கேட்கும்வரை நிறுத்தவில்லை.

சில நாள் முன்பு சைட்டில் விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது. லீவு போட்டால் சம்பளம் போகுமென்று யாரிடமும் சொல்லவில்லை. மூளைக்கு மேலே ரத்தம் கட்டியிருந்தது. அன்றே ஆபரேஷன். தூங்கவிட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் புகார் அப்படியே இருந்தது. மருத்துவமனையிலிருந்து மொட்டைத் தலையும் தையலுமாக முருகேசனைத் திரும்ப லாக்கப்புக்கே கொண்டுவந்தார்கள். கதவைப் பூட்டியவர் அபு சலீம். எனக்குக் கோபம் வந்தது. "நீங்கள் காப்பாற்றிய ஆளை நீங்களே பூட்டுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "திறந்துவிட எனக்கு அதிகாரம் இல்லை பாய். அவன் அடித்தானா இல்லையா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் மனசு ஒருவனைக் கூடவும் ஒருவனைக் குறையவும் பார்க்கும். அப்புறம் இந்த வேலை செய்ய முடியாது" என்றார். பிறகு தன் நாற்காலியை நகர்த்தி முருகேசனின் அறைக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். மாத்திரை நேரம் தவறினால் மருந்துக்காரரைப் பிடித்து "யல்லா, யல்லா" என்று விரட்டினார். மருத்துவ அறிக்கை போய்ச் சேர்ந்ததும் வழக்கைக் கைவிட்டார்கள். முருகேசனை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். விமான நிலையத்துக்கு வண்டி கிளம்பும்போது அபு சலீம் வெளியே வரவில்லை. அடுத்துப் பிடிபட்ட ஆளைப் பதிந்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற பிறகு இதயம் பலவீனமானது. போன ரமலானில் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சின் நடுவே எழுந்துபோய், பேரப்பிள்ளைகள் தூங்கும் அறைக்கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். "இன்னும் பயம் போகவில்லையா?" என்றேன். "சாவியைத்தான் வாங்கிக்கொண்டார்கள்" என்று சிரித்தார்.

அடக்கத்துக்கு மறுநாள் முருகேசனைக் கூப்பிட்டேன். அரியலூரில் டீக்கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு பேரு இப்பதாண்ணே தெரியும்" என்றார். "எனக்கு அவரு மேல அப்ப எவ்ளோ கோவம் தெரியுமா? ஒரு நிமிசம் கண்ண மூடவுடலியே இந்தாளுன்னு. கன்னத்துல தட்டிக்கிட்டே இருந்தாரு. அன்னிக்கு நடந்ததுல அது மட்டும்தான் நெனவுல இருக்கு." பிறகு, "மகன் நம்பர் குடுங்கண்ணே" என்றார். அவருக்கு ஆங்கிலமும் வராது, அரபியும் வராது. என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். "நீங்க நடுவுல இருங்க. நான் சொல்றதச் சொல்லுங்க" என்றார். மூன்று பேரும் ஒரே அழைப்பில் பேசினோம். முருகேசன் அழுததை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அபு சலீமிடமிருந்து எனக்கென்று தங்கியது அவருடைய பதற்றம்தான். போன வாரம் வேறொரு காவல் நிலையத்தில் பிடிபட்ட ஒருவருக்கு மொழிபெயர்த்து முடித்தேன். முன்பென்றால் அப்படியே கிளம்பியிருப்பேன். அன்று நின்று, யாரும் என்னைக் கேட்கச் சொல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றார் அவர்.

அவர் முகத்தைப் பார்த்தேன். திரும்பவும் கேட்டேன்.