ஜும்ஆ நேரத்துத் தண்ணீர்

எட்டு நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, வரம்பில் நின்று நான் கத்திய கத்தல் காரைதீவு வரைக்கும் கேட்டிருக்கும்!

வெள்ளி பகல் என் வயலுக்குத் தண்ணீர் முறை. ஜும்ஆத் தொழுகையும் அதே நேரம்தான். நான் நிந்தவூருக்குத் தொழப் போவேன். பக்கத்து வயல் தங்கராசா அண்ணன் என் தண்ணீரைப் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கோயில் திருவிழா என்றால் அவர் தண்ணீருக்கு நான் காவல். பல வருசமாக இப்படித்தான்.

அன்று தொழுதுவிட்டு வந்தால்... வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுவும் கதிர் தள்ளும் நேரம்!

"உங்கட ஆக்கள நம்பினது என்ட பிழை!"

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் முன்னால் நின்றது ஒரே ஒரு மனிதர். என் வாயில் 'ஆக்கள்' எங்கிருந்து வந்தார்கள்? பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மகளிடம் கேட்டேன்.

"அது பரிணாமம் வாப்பா."

ஆதி மனிதர் சின்னச் சின்னக் கூட்டமாக வாழ்ந்தார்களாம். ஒரே நம்பிக்கை, ஒரே சடங்கு உள்ள கூட்டம் ஒற்றுமையாக நின்று பிழைத்ததாம். வெளியாளைச் சந்தேகிப்பது அதன் மறுபக்கமாம். "எல்லாரும் ஏத்துக்கொள்ளல்ல, இது ஒரு விளக்கம்" என்றும் சொன்னாள். நல்ல வசதி! என் வாய்க்கொழுப்புக்கு ஆதி மனிதர் பொறுப்பு.

இரண்டு நாள் கழித்துத் தங்கை வந்தாள். பேச்சோடு பேச்சாக, "இவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் போகல்ல காக்கா, வயல்லதான் நின்டவர்" என்றாள்.

அவள் கணவரான என் மச்சானின் வயல் வாய்க்காலில் எனக்கு மேல்பக்கம். தண்ணீர் அவரைத் தாண்டித்தான் எனக்கு வர வேண்டும்!

அண்ணனிடம் ஓடினேன்.

"ஓம், உங்கட மச்சான் தண்ணியத் திருப்பினத கண்டனான். நான் மறிச்சும் அவர் கேக்கல்ல. சொன்னா உங்கட குடும்பத்துக்குள்ள கரைச்சல் வரும். என்னைத்தானே ஏசினீங்க... போகட்டும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பத்துப் பேருக்கு முன்னால் ஏசிவிட்டு, தனியாக மன்னிப்புக் கேட்பதா? அப்படியே திரும்பிவிட்டேன்.

"இது எந்தப் பரிணாமம்?" என்று மகளிடம் கேட்டேன். "அதுக்கும் விளக்கம் இருக்கு வாப்பா, ஆனா முழுசாப் பொருந்தாது" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கூட்டத்து ஆள் தொழுகையை விட்டுவிட்டுத் தண்ணீரைத் திருப்புகிறார். வெளியாள் பழியைச் சுமக்கிறார். இன்னொன்றும் குடைகிறது — எனக்கும் அண்ணனுக்கும் ஒரே மதம் என்றால் ஒரே நேரத்தில் தொழப் போயிருப்போம். தண்ணீரை யார் பார்ப்பது?

நேற்று மறுபடி வெள்ளி. அண்ணனிடம் கேட்க முகமில்லை. பள்ளிவாசலுக்குப் போவதா, தண்ணீரைப் பார்ப்பதா? வரம்பிலேயே நின்றேன். மண்வெட்டியோடு அவரே வந்தார்.

"இன்னும் நிக்கிறீங்களா காக்கா? கெதியாப் போங்க, குத்பாப் பிரசங்கம் தொடங்கிடும்!"

போனேன். எனக்கு முந்தியே, முதல் வரிசையில்... மச்சான்!