தொட்டிக்கு மாலை போட்டவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கும்போது, எங்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் பூ பயிரிடும் ருக்மணி அக்கா போன் செய்தார். "பாப்பா, நம்ம மாதையன் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம். வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு." பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மாதையன் அண்ணன் ஆபரேட்டர். நான் தண்ணீரைச் சோதிப்பவள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். "படிச்சது சாக்கடை பாக்கத்தானா?" என்ற உறவினர்களின் கேலிக்குக் கூசி, குனிந்த தலையோடுதான் வேலையில் சேர்ந்தேன். முதல் நாள், உள்ளே காற்று ஊதுவதால் கொதிப்பதுபோல் புரளும் தொட்டியைக் காட்டினார் அண்ணன். "இதுக்குள்ள கோடிக்கணக்குல கிருமிங்க அழுக்கத் தின்னு வேல செய்யுதுங்க. ஒண்ணுத்துக்கும் லீவு கிடையாது. நாம ரெண்டு பேருந்தான் தண்டச்சோறு." அந்த வளாகத்தில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

போன வருடம் மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. நாற்றம் இருக்கக் கூடாதென்று அண்ணன் சுவர் ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார். மிஞ்சிய ஒன்றரை மூட்டையைத் தொட்டியிலேயே கொட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அது தொட்டிக் கிருமிகளையும் கொல்லும் என்று தெரிந்தும் தடுக்கவில்லை. அனுபவசாலியிடம் நான் எப்படிச் சொல்வது?

வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் தொட்டி முழுக்க வெள்ளை நுரை. கிருமிகள் செத்துப்போயிருந்தன. வெளியேறிய நீர் கலங்கலாக நாறியது. அதைப் பாசனத்துக்குத் திறக்க முடியாது. ருக்மணி அக்காவின் அரை ஏக்கர் சாமந்திக்கு எங்கள் தண்ணீர்தான் கதி. அவர் போர்வெல் வற்றி இரண்டு வருடமாகிறது. ஆயுத பூஜைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

"ஏன் மாதையா, ஆபீசர் மூக்குக்கு மணக்கோணும்னு என் செடி வாயில மண்ணப் போட்டியே!"

"திட்டு ருக்கு, நல்லாத் திட்டு. திட்டி முடிச்சிட்டு, உன் மாட்டுச் சாணியையும் கொஞ்சம் குடு."

பழுது வந்தால் பதிவேட்டில் 'காரணம்' என்ற இடத்தில் 'மின்தடை' என்று எழுதுவது எங்கள் ஊழியர்களின் வழக்கம். அன்று பொறியாளரே, "அப்படியே எழுதிருங்க மாதையன், பிரச்சனை வேண்டாம்" என்றார். அண்ணன் பேனாவை வாங்கி, "பிளீச்சிங் கொட்டியது நான். மாதையன்" என்று எழுதினார். "கரண்டு பாவம் சார், அது என்ன பண்ணுச்சு?" அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "நான் பாத்தேன் சார். தடுக்கல."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அடடே, பாப்பாவுக்குப் பேச்சு வருது!"

பிறகு ஒரே ஓட்டம். புதுக் கிருமிகள் வளர, அக்காவின் நான்கு மாடுகளின் சாணத்தைக் கரைத்து வடிகட்டி, வெல்லம் கலந்து தினமும் தொட்டியில் ஊற்றினோம். பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து கிருமிகள் உயிரோடிருக்கும் சேறு ஒரு லாரி வந்தது. அதுவரை அக்கா ஊர்க் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடத்தில் சுமந்து செடிகளைக் காப்பாற்றினார். அண்ணனும் வேலை முடிந்து குடம் தூக்கினார். பதினாறாம் நாள் சோதனைக் குடுவையில் சேறு கீழே படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றது. நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடிவந்தார்.

ஆயுத பூஜைக்குப் பூ வந்துவிட்டது, கொஞ்சம் சிறுத்து. எல்லோரும் மோட்டாருக்கு மாலை போட, அண்ணன் பெரிய மாலையைத் தொட்டியின் கைப்பிடிக் கம்பியில் கட்டினார். "மன்னிச்சுக்குங்கப்பா" என்று தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவரை அறிந்த உங்களில் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஒரு கிண்டலாவது இருக்கும். என்னிடம் இருப்பது வேறு. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, கவனமின்மையால் ஒரு நாள் சோதனை முழுவதையும் வீணாக்கினேன். பதிவேட்டில் காரணம் கேட்ட இடத்தில் என் பெயரை எழுதினேன்.