தரைப்பாலத்தில் போட்ட கணக்கு

அந்த ஐப்பசியில் அயனம்பாக்கம் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கும் பஸ் போகும் சாலைக்கும் நடுவே இருந்த கால்வாய்த் தரைப்பாலத்தின்மேல் முழங்கால் அளவு ஓடியது. மறுநாள் தீபாவளி. எனக்குத் தைத்த பாவாடை சட்டை அம்பத்தூரில் டெய்லர் கடையில் கிடந்தது. வாங்கி வருவதற்காக அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அக்கா அவரை நிறுத்தினாள்.

“கொஞ்சம் இரு நைனா. தண்ணி இன்னா வேகத்துல போவுதுன்னு பாத்துட்டு எறங்கு. வேகம் ரெண்டு மடங்கானா, தள்ளுற பலம் நாலு மடங்காவும்.”

எங்கள் குடும்பத்தில் இப்படிப் பேசியவர்கள் யாருமில்லை. அப்பா பெருமையோடு சிரித்துக்கொண்டு கரையிலேயே நின்றார்.

கால்வாய் ஓரமாக அக்கா இருபது அடி அளந்தாள். மேல்முனையில் அவள் ஒரு தேங்காய் மட்டையைப் போட, கீழ்முனையில் நின்ற நான் அது வந்து சேரும்வரை விநாடிகளை எண்ண வேண்டும். ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று நிதானமாக எண்ணச் சொல்லியிருந்தாள். மூன்று முடிவதற்குள் மட்டை என்னைக் கடந்து ஓடிவிட்டது. எனக்குப் பத்து வயது. பாவாடையைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

“ஆறு!” என்று கத்தினேன்.

அக்கா நோட்டில் கணக்குப் போட்டாள். “கால்ல எட்டு கிலோ கனம் மோதுற மாதிரிதான் நைனா. தாங்கிடுவ.”

பாதிப் பாலத்தில் தண்ணீர் அப்பாவின் கால்களை வாரிவிட்டது. கீழே வேலிகாத்தான் புதரில் முள்ளோடு சேர்த்துப் பிடித்துத் தொங்கியவரை அக்கரை ஆட்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். கல்லில் மோதிய வலது முழங்கால் அதற்குப்பின் முழுதாக மடங்கவேயில்லை.

அன்று மாலை அக்கா ஒரு கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு தனியாகக் கால்வாய்க்குப் போனாள். அதே இடத்தில் மூன்று முறை மட்டையைப் போட்டு ஏதோ எழுதிக்கொண்டதை வாசலிலிருந்து பார்த்தேன். அவளுக்கு என்ன விடை கிடைத்திருக்கும் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

அவள் திரும்பியதும் அம்மா வெடித்தாள். “உன்ன நம்பித்தானடி அந்த மனுசன் எறங்குனாரு! இதான் உன் படிப்பா?”

“ஆமாம்மா. நாந்தான் கணக்கத் தப்பா போட்டுட்டேன்.”

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது, தப்பித்தோம் என்று எண்ணி, அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.