சிமெண்டுப் பாரில் சிக்கிய இருபது அடி நரம்பு

அருப்புக்கோட்டையில் கடல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பின்னூட்டத்தில் யாரும் எழுத வேண்டாம். கண்மாயில் தூண்டில் போட்டுப் பழகிய ஏழு பேர் இங்கே இருக்கிறோம். கண்மாய் வற்றினால் வருடத்தில் பாதி நாள் தூண்டில் கம்பு பரணில் கிடக்கும். வேம்பாருக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில், மீன் அடைவதற்காகக் கடலடியில் இறக்கிய சிமெண்டுக் கூடுகளின் மேல் வெளியூர்க்காரர்களைத் தூண்டில் போட விடலாமா என்று பேச்சு ஓடுவதாகக் கேள்விப்பட்டுப் போய்க் கேட்டோம். "மொதல்ல ஒரு ஆளு வரட்டும், பாப்போம்" என்றார்கள். அந்த ஆள் நான். நான் ஒழுங்காக இருந்தால் ஏழு பேருக்கும் வழி திறக்கும், சொதப்பினால் ஏழு பேருக்கும் மூடும்.

ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள். எங்கள் தறிக்கு அன்றுதான் லீவு என்று முதல் தடவை ஞாயிறு கிளம்பிப் போனேன். அவர்கள் கடலுக்கும் அன்றுதான் லீவு. ஊரே கோயிலில் இருந்தது. புரோட்டா தின்றுவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாம் தடவை, மாசி மாதத்தில் ஒரு செவ்வாய். "கடல்ல வாந்தி வந்தா என்ன செய்வ?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "எடுப்பேன்" என்றேன். (எடுத்தேன், இரண்டு முறை.) காலை நான்கு மணிக்கு ஸ்கூட்டர். பந்தல்குடியில் லாரிக்காரர்களோடு நின்று ஒரு டீ, பிறகு நாகலாபுரம், விளாத்திகுளம் வழி. என் மீட்டரில் எழுபத்தெட்டு கிலோமீட்டர், டீயையும் சேர்த்து இரண்டேகால் மணி நேரம்.

வள்ளக்காரர் பெயர் சகாயம். டீசல், மிதவைச் சட்டை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு, இரைக்கு இறால் நூற்றைம்பது. எதிரே கடலில் இருக்கும் தீவுப் பக்கம் போக வனத்துறைத் தடை இருப்பதால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். சிமெண்டுக் கூடுகள் கிடக்கும் இடத்தை அவர்கள் சிமெண்டுப் பார் என்கிறார்கள். கரையிலிருந்து நாற்பது நிமிடம், எட்டுப் பாகம் ஆழம், அதாவது ஏறக்குறைய நாற்பத்தெட்டு அடி.

போகிற வழியிலேயே சகாயம் சட்டம் சொன்னார். "வலை கூடாது. நங்கூரத்தப் பாரு மேல போடக்கூடாது. தூண்டில் நரம்ப மட்டும் கீழ விட்றாதீங்கக்கா. நைலானு மக்காது. மீனு வந்து மாட்டி மாட்டிச் சாவும்." முடிச்சைத் தான் போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தறியில் அறுந்த நூலைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறவள் நான். "எனக்கா முடிச்சு சொல்லித் தாரீக?" என்று நானே போட்டேன்.

முதலில் இரண்டு விளமீன். அப்புறம் கையையே பிடுங்குகிற மாதிரி ஓர் இழுப்பு. "கலவா! பெரிய மீனு, விடாதீங்க" என்றார் சகாயம். நான் விடவில்லை, முடிச்சு விட்டது. கடலுக்கென்று தனியாக வாங்கி இணைத்த இருபது அடி தடித்த நரம்பு, ஈயம், முள், மீன் எல்லாம் கீழே போயிற்று. என் கைக்கு வந்த நுனி அறுந்திருக்கவில்லை, சுருண்டிருந்தது. பருத்தி நூலில் பிசிறு உண்டு, முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். நைலானில் அது வழுக்கிவிடும். கால்கிலோ கெண்டைக்குத் தாங்கியது கலவாவுக்குத் தாங்கவில்லை. என்னை நானே வீட்டுத் தெலுங்கில் திட்டிக்கொண்டேன். சகாயத்துக்குப் புரியவில்லை, நல்லது.

"யாரும் பாக்கல. நான் வாய் தொறக்க மாட்டேன்" என்றார் அவர். "நீங்க சொன்னீங்கன்னா ஏழு பேத்துக்கும் சோலி முடிஞ்சிரும்."

ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தறியில் அறுந்த இழையை மறைத்து ஓட்டினால் முழம் முழமாகப் பழுது ஓடும். கீழே ஒரு மீன் கட்டிக் கிடக்கிறது என்ற நினைப்போடு வீட்டுக்குப் போக என்னால் முடியாது. சகாயத்தின் மச்சான் சேவியர் பக்கத்தில்தான் சங்கு குளித்துக்கொண்டிருந்தார். "போன் போடுங்க" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் வெயிலில் காத்திருந்தோம். சேவியர் வந்து மூன்றாம் முழுக்கில் நரம்பைக் கொண்டுவந்தார். "கூட்டுக்குள்ள சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. உசிரு இருந்துச்சு, அங்கனயே அவுத்து விட்டுட்டேன்." ஆயிரம் கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்த ஆயிரம்.

கரைக்கு வரும்போது பன்னிரண்டரை. ஊர்க் கமிட்டித் தலைவர் என்னைவிட இளையவர், வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டாம் என்று சகாயம் கண்ணைக் காட்டினார். நான் நரம்பை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"எடுத்தாச்சுல்ல, பெறகு எதுக்குச் சொல்லுதீங்க?"

"இன்னைக்கு முங்க ஆள் இருந்துச்சு, எடுத்தோம். நாளைக்கு எங்க ஆளுக விட்டா யாரு எடுப்பா? இனிமே முடிச்சப் பாத்துட்டு வள்ளத்துல ஏத்துங்க."

அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கால்மணி நேரம் பேசினார். திரும்பி வந்து, "மத்த ஆறு பேரும் வரட்டும். நரம்பு விட்டவுக ஒரு வருசம் வள்ளம் ஏறக்கூடாது. எங்க ஆளுக்கும் அதான் சட்டம்" என்றார்.

சரி என்றேன். விளாத்திகுளம் வரை அழுதுகொண்டே ஓட்டினேன். ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: செவ்வாய் முதல் வெள்ளிக்குள் போங்கள், முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். நைலானை ஐந்து சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள். கை வேகத்தில் பெருமை வேண்டாம்.

அடுத்த செவ்வாய் ஆறு பேரும் போகிறார்கள். நானும் போகிறேன், கரை வரைக்கும். ஏறுமுன் ஒவ்வொருவர் முடிச்சையும் இழுத்துப் பார்ப்பது என் வேலை என்று எங்களுக்குள் ஊரிலேயே ஒப்புக்கொண்டாயிற்று. நழுவினால் அவரும் என்னோடு மணலில் உட்காரலாம். எனக்கும் பேச்சுத் துணையாக இருக்கும்.